சோயா எண்ணெயில் ஓடிய இறைப்பு இன்ஜின்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் காலம் கழித்தவர்கள் எந்தத் திரவத்தையும் எளிதில் நம்பமாட்டார்கள். களிமண் கூழ் பார்வைக்கு வழவழப்பாகத்தான் இருக்கும். நுண்சல்லடையில் வடிக்காமல் அச்சில் ஊற்றினாலோ, சூளையிலிருந்து வெளிவரும் பொம்மையின் கன்னத்தில் ஒரு கரும்புள்ளி நம்மைப் பார்த்துச் சிரிக்கும். இருபது ஆண்டுகள் கூழ் வடித்த கை என்னுடையது. ஆகவே, சோயா எண்ணெயிலிருந்து டீசல் செய்யலாம் என்று செய்தித்தாளில் படித்தபோது, இதுவும் தெளியவைத்து வடிக்கும் வேலைதானே என்று எனக்குத் துணிவு பிறந்தது.

அவை மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகள். பயோடீசல் என்றால் எல்லோரும் காட்டாமணக்கைப் பற்றியே பேசினார்கள். எங்கள் தெருவில் காட்டாமணக்கு இல்லை. மிக்சர் கடை இருந்தது. அக்கடைக்காரர் சோயா எண்ணெயில் பலகாரம் சுட்டு, கறுத்துப்போன மிச்சத்தை வாரந்தோறும் சாக்கடையோரம் கொட்டிவந்தார். அதனை நான் கேட்டுப் பெற்றேன். எண்ணெயை டீசலாக மாற்றத் தேவையான மெத்தனாலையும் காஸ்டிக் சோடாவையும் உரிமம் பெற்ற ரசாயனக் கடையில் முறைப்படி கையொப்பமிட்டு வாங்கினேன். மெத்தனால் கண்ணைப் பறிக்கும் நஞ்சு; எளிதில் தீப்பற்றுவதும்கூட. எனவே அடுப்பங்கரைக்கு வெகு தொலைவில், கொல்லைப்புறத் திறந்தவெளியில்தான் கலவை வேலையை நடத்தினேன்.

"மிக்சர் கடைக்காரரே வேணாம்னு ஊத்தறத நம்ம வூட்டுக்குக் கொண்டாந்து காய்ச்சறீங்களே, ஏங்க, உங்களுக்கே நல்லா இருக்குதா?" என்றார் என் மனைவி.

நல்லாத்தான் இருந்தது. கழிவாகப் பிரியும் கிளிசரின் கறுப்பாக அடியில் இறங்க, மேலே தேன் நிறத்தில் எரிபொருள் நின்றது. அதை நீர்விட்டுக் கழுவி, ஈரம் போக்கி, பட்டறைச் சல்லடையில் வடித்து, இருபது லிட்டர் கேனில் நிரப்பினேன். பட்டறையின் பழைய ஜெனரேட்டரில் சிறிது ஊற்றிப் பார்த்ததில் புகை வெகுவாகக் குறைந்தது. ஓசையும் சற்று மென்மையானது.

இச்செய்தியை என் மனைவியின் அண்ணனிடம் பெருமையுடன் கூறினேன். அவர் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் நெல் பயிரிடுபவர். "மாப்ள, இன்ஜினுக்கு வடை எண்ணெய் ஊத்தறீங்க. சாம்பார் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, அந்த வாரம் முழுவதும் சந்தித்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார்.

சிரித்தவரே ஒரு நாள் விடியற்காலையில் போன் செய்தார். நெல் பால் பிடிக்கும் தருணம். வாய்க்காலில் நீர் நின்றுவிட்டது. கிணற்றில் நீர் இருந்தும், இறைக்கும் ஆயில் இன்ஜினுக்கு டீசல் இல்லை. பங்க்கில் இருப்பு தீர்ந்து, லாரி எப்போது வரும் என்று தெரியவில்லை.

"இன்னிக்கு தண்ணி காட்டலன்னா அத்தனையும் பதராப் போயிடும் மாப்ள. அந்த வடை எண்ணெய் இருக்குதா?"

கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். வழக்கம்போல் சல்லடையையும் உடன் எடுத்துச் சென்றேன்.

இன்ஜின் இரண்டாம் சுற்றிலேயே பற்றிக்கொண்டது. புகைபோக்கியில் கரும்புகைக்குப் பதிலாக மெல்லிய வெண்மை தெரிந்தது. பலகார வாசனை வரப்பைக் கடந்து சென்றது. பக்கத்து வயல்காரர் முகர்ந்துகொண்டே வந்தார். "என்னா பங்காளி, மோட்டார் கொட்டாயில பஜ்ஜி போடறீங்களா? எனக்கும் ரெண்டு எடுத்து வைங்க."

மச்சானே சிரித்துவிட்டார். ஒன்றரை மணி நேரத்தில் மேட்டு வயல்கள் நனைந்தன. கடைசி இரண்டு வயல்கள் எஞ்சியிருந்தபோது இன்ஜின் இருமியது; விக்கியது; நின்றுவிட்டது.

மச்சானின் முகத்தில் சிரிப்பு இல்லை. "எனக்கு இருக்கறது இந்த ஒரு இன்ஜினு மாப்ள. அதையும் பலகாரம் ஆக்கிட்டீங்களே."

தவறு என் எண்ணெயில்தான் என்று நானும் எண்ணினேன். கேனில் மீந்திருந்ததைச் சல்லடையில் ஊற்றி, வெயிலில் தூக்கிப் பார்த்தேன். ஒரு துகள்கூட இல்லை. பிறகு ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே தார் போன்ற கறுப்புக் களிம்பு அப்பியிருந்தது. அப்போதுதான் செய்தித்தாளில் படித்த ஒரு வரியின் பொருள் எனக்கு விளங்கிற்று: சோயா டீசல் பழைய கசடைக் கரைத்துவிடும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் டேங்க்கின் சுவரில் ஒட்டியிருந்த டீசல் கசடை அது பெயர்த்து, நேரே ஃபில்டருக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

"மச்சான், எண்ணெய் சுத்தமா இருக்குது. உங்க டேங்க்குதான் அழுக்கு."

"என்னா சொல்றீங்க? பத்து வருஷமா நான் ஊத்துனது அழுக்கா?"

"ஊத்துனது இல்ல. நீங்க ஒரு நாள்கூட கழுவாதது."

இன்ஜின் நின்றதைவிட இந்தச் சொல்லே அவரை அதிகம் சுட்டது. ஆயினும் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். டேங்க்கைக் கழற்றி அலசினோம். ஃபில்டரை அதே சோயா டீசலில் கழுவி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, ஹேண்டிலைச் சுழற்றினோம். ஓடியது. அரைமணியில் மறுபடி நின்றது. குழாய்க்குள் மிச்சமிருந்த கசடு! மறுபடியும் அதே வேலை. இம்முறை அவரே ஹேண்டிலைப் பிடித்தார். மூன்றாம் முறை அது நிற்கவில்லை. உச்சிவெயில் சாய்வதற்குள் கடைசி வயலின் வெடிப்புகளில் நீர் குமிழிட்டு இறங்கிற்று.

ஒன்றையும் மறைக்காமல் கூறவேண்டுமாயின், பழைய ரப்பர் குழாய்களை இந்த எண்ணெய் நாளடைவில் இளக்கிவிடும். குளிர்காலத்தில் சற்றுத் தடிக்கும். டீசலுடன் கலந்து பயன்படுத்துவதே பழைய இன்ஜின்களுக்கு ஏற்றது என்பதைப் பின்னாளில் பட்டறிந்தேன். எனினும், சாக்கடைக்குப் போக இருந்த எண்ணெய் அன்று நெல்லுக்குப் போயிற்று.

பன்னிரண்டு நாள் கழித்து மச்சானிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிப்பு ஏதுமில்லை.

"பால் கெட்டியாயிடுச்சி மாப்ள. கதிரு தல சாஞ்சிடுச்சி."

"நல்லது மச்சான்."

"இன்னொரு கேன் கொண்டாங்க. வரும்போது புது ஃபில்டரு ஒண்ணு வாங்கிக்கிட்டு வாங்க."