வழுக்காத கல்

காரைக்காலில் டைல்ஸ் கடை வைத்தவனுக்குத் தோள்வலி நிச்சயம். வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார். கடைக்கு வருவது அவருடைய முகம் தெரியும் போன்தான். ஒவ்வொரு கல்லுக்கு நேராகவும் அந்தப் போனைத் தூக்கிப் பிடித்துக் காட்ட வேண்டும். குளிக்கப்போகிறவர் ஒருவர், கல்லைத் தேர்ந்தெடுப்பவர் வேறொருவர் என்பது இங்கே வழக்கமாகிவிட்டது.

ஆஸியா பீவியும் அப்படித்தான் வந்தார். எழுபதை நெருங்கும் வயது. கணவர் மவுத்தாகிப் பல வருடம் ஆகிறது. பெரிய மாடி வீடு, உள்ளே அவர் ஒருத்தர்தான். மகன் சஃப்வான் ஷார்ஜாவிலிருந்து போனில் கல் பார்த்தான். பளபளக்கும் வெள்ளைக் கல் அவனுக்குப் பிடித்துப்போனது.

“மேல பாத்ரூம், கீழ பாத்ரூம் ரெண்டுக்கும் இதையே போட்டுடுங்கண்ணே. லீவுல நாங்க வர்றப்ப நல்லா இருக்கணும்.”

“வழுக்கும் வாப்பா,” என்றார் ஆஸியா பீவி மகனிடம்.

“பாத்து நடந்தா ஏன் வழுக்கப்போகுது? வேலை இருக்கு உம்மா, அப்புறம் கூப்பிடுறேன்.”

போனை வைத்துவிட்டான். அவர் என்னிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தேன். சொரசொரப்பான சாம்பல் கல் ஒன்றைத் தரையில் வைக்கச் சொல்லி, அதன்மேல் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். தொழுகைக்கு முன் கால் கழுவத் தூக்குவார்களே, அப்படி ஒற்றைக் காலைத் தூக்கியும் பார்த்தார்.

“போன நோன்புல ஒளு செய்யறப்ப விழுந்துட்டேன் தம்பி. கத்தினா யாருக்குக் கேக்கும்? மீன்காரம்மா வந்து கதவைத் தட்டுற வரைக்கும் அப்படியே கெடந்தேன்.”

“மகன்கிட்ட சொல்லலையா?”

“சொல்லி, அவன் வராம இருந்துட்டா? சொல்லாத வரைக்கும், சொன்னா ஓடி வந்துடுவான்னு நெனச்சுக்கலாம்ல.”

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. சஃப்வான் மறுபடி கூப்பிட்டபோது நானே போனை வாங்கி ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்.

“தம்பி, அந்த வெள்ளைக் கல் ஸ்டாக் இல்ல. சாம்பல் கல்லுதான் இருக்கு.”

மல்லுக்கு நிற்பான் என்று பார்த்தேன். அவனோ உடனே இறங்கி வந்தான்.

“பரவாயில்லண்ணே. இந்த வருஷமும் நாங்க வர்றதா இல்ல. உம்மாகிட்ட இன்னும் சொல்லல. அவங்களுக்குப் புடிச்சதையே போட்டுடுங்க.”

அவன் குரல் கடை முழுக்கக் கேட்டது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். என் பொய்க்கு இந்த உண்மை கிடைத்தது; போனை அவர் கையிலேயே கொடுத்தேன்.

ஆஸியா பீவி ஈரக் கல்லிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். சுவரோரம் மார்பு உயரத்துக்கு அடுக்கியிருந்த வெள்ளைக் கல் பெட்டிகளைப் பார்த்தார்.

“கீழ எனக்கு இந்தச் சாம்பலே இருக்கட்டும் தம்பி. மாடியில அந்த வெள்ளையப் போட்டுடுங்க. அவங்க வர்றப்ப நல்லா இருக்கணும்ல.”