இரண்டு வருஷம் ஒரே மாதிரி எரிந்த மலை

கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எனக்கு வரைபடம் வரையும் வேலை. கோடை வந்தால் தெல்தெனியப் பக்கம் போய், மானாப் புல் எரிந்த இடங்களைப் பார்த்து, தாளில் சிவப்புப் பென்சிலால் தீட்ட வேண்டும். மாட்டுக்காரர்கள் புதுத் தளிருக்காக நெருப்பு வைப்பார்கள். வேட்டைக்குப் போகிறவர்களும் வைப்பார்கள். யார் வைத்தது என்று கேட்டால் எல்லோரும் அடுத்த ஊரைத்தான் கை காட்டுவார்கள்.

என்னோடு வருபவர் மடவளைக்காரர், அலுவலகத்தின் வெளிவேலை உதவியாளர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நான் அவரை நானா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவள், பிடிவாதக்காரி என்று பெயர் எடுத்தவள். கண்ணால் பார்த்த எரிவு மட்டும்தான் தாளில் ஏறும் என்பது என் சட்டம்.

"அந்த மேட்டுக்கு அங்காலயும் கருகித்தான் ஈக்கும் மிஸ், போடுங்க" என்பார்.

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"பாக்கல்ல. ஆனா ஈக்கும்."

"அப்ப ஏறிப் பாப்பம்."

வெயிலில் மூச்சு வாங்க ஏறினால் அங்கே கருகித்தான் இருக்கும். "உங்கட கண்ணுல படாட்டி சூரியனும் உதிக்கல்லெண்டு எழுதுவீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்குவார்.

தமிழருக்கு எதிரான எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் கண்டிக்கு வந்த யூலையில், காலையில் அலுவலக யன்னலால் புகை தெரிந்தது. ஹந்தானை மலைப் பக்கம் புல் எரிகிறது என்று நினைத்துப் பென்சிலைக் கையில் எடுத்தேன். இப்போது நினைத்தாலும் என் மடைமைக்கு வெட்கமாக இருக்கிறது. நானா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அது புல்லு இல்ல மிஸ். கடையெல்லாம் எரியிது. ஒண்டும் எடுக்க வாணாம், எழும்பி வாங்க."

தெரிந்தவர் ஒருவருடைய வான் வண்டியில், சாக்குகளுக்கு நடுவில் இருத்தி, என்னை மடவளைக்குக் கொண்டுபோனார். ஆறு நாள் அவர் வீட்டு உள்ளறையில் இருந்தேன். நான் மச்சம் தொடாதவள் என்பது அவர் மனைவிக்குத் தெரியும். இறைச்சி படாத புதுச்சட்டி ஒன்றை எடுத்து, எனக்கென்று தனியாகப் பருப்பும் கீரையும் ஆக்கினார். ஊர் எரிகிற நேரத்தில் ஒருத்தி என் சட்டியைப் பற்றி யோசித்தாளே என்று நான் அழுதேன். "கண்ணத் தொடச்சிட்டுத் தின்னுங்க, சோறு ஆறப்போகுது" என்று அதட்டினார். நானாவோ முன்வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தவர், தொழுகைக்குத் தவிர எழும்பவில்லை.

பிறகு அகதி முகாம், அங்கிருந்து யாழ்ப்பாணம். மழை தொடங்கிய பிறகுதான் திரும்பி வந்தேன். கண்டிக்குப் போகாதே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வேலையைக் கைவிட்டுப் போனவள் என்று என் அலுவலகக் கோவையில் எழுதிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு. வந்து பார்த்தால் என் மேசையில் அந்த வருஷத் தாள் முழுதாகத் தீட்டப்பட்டுக் கிடந்தது.

"நானா, நீங்கள் தனியப் போனனீங்களோ?"

"வேல முடிஞ்சிட்டுத்தானே மிஸ். கையெழுத்த வைங்க."

வைத்தேன். பார்க்காமல் நான் கையெழுத்து வைத்த ஒரே தாள் அதுதான். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால், பார்க்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

வருஷங்கள் ஓடின. ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி முடிந்து பழைய தெல்தெனிய நீருக்குள் போனது. சில மலைகளில் புல்லுக்குப் பதில் பைனஸ் மரம் நட்டார்கள். போர் மட்டும் முடியவில்லை. நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது கொழும்பிலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் வந்தாள், கெலிஓயாப் பக்கத்துப் பிள்ளை. நாட்டில் புல் எரிவதால் எவ்வளவு வாயு மேலே போயிருக்கிறது என்று நீண்ட காலக் கணக்கு எடுக்கிறார்களாம். காபனீரொட்சைட்டைச் சேர்ப்பதில்லை, புல் மறுபடி வளரும்போது அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், மெதேன் போன்றவைதான் கணக்கு என்று எனக்கு விளக்கினாள். வீடும் கடையும் எரிந்த புகையை எதில் சேர்ப்பீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

என் தாள்களை வருஷ வரிசையில் பரப்பினாள். வரவர சிவப்புக் குறைந்துகொண்டே போவது ஒரே பார்வையில் தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அவள் இரண்டு தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மேடம், கலவர வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் அச்சா ஒரே மாதிரி இருக்குங்க. மலை இப்படி எரியுமா?"

எரியாது. நானா அதே யன்னலில் முந்தின தாளை வைத்துப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். கோடுகள் மறுபக்கம் புடைக்கும் அளவுக்குப் பென்சிலை அழுத்தியிருந்தார். கீழே என் கையெழுத்து. பொய்த்தாள் என்று சொன்னால் அவர் பெயரும் போகும், என் பெயரும் போகும். சொல்லாமல் விட்டால், நான் காலமெல்லாம் காத்த கணக்கில் நானே மண்ணைப் போட்டவளாவேன். நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மடவளை பஸ் ஏறினேன்.

நானாவுக்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. நான் வாய் திறக்குமுன்பே "அந்தத் தாளா?" என்றார்.

"ஓம்."

"அந்த வருஷம் மலைக்குப் போகல்ல மிஸ். எப்படிப் போற? நீங்க உள்ளுக்கு, நான் வாசல்ல. அதுக்குப் பொறகும் ஊரவிட்டு அசையப் பயம். தாள் வெறுமையாக் கெடந்தா, நீங்க வேலய உட்டுட்டுப் போனதெண்டு எழுதிருவாங்க. அதப் பாத்துட்டு ஈக்க ஏலல்ல."

எனக்காகத் தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சிவப்புப் பென்சில் பிடித்த மனிதரிடம் என்னத்தைச் சொல்வது?

"வெட்டி உடுங்க" என்றார். "பாக்காதத ஏத்தப்படாதெண்டு என்ன மலையெல்லாம் ஏத்தின ஆள் நீங்க. இப்ப எனக்காக மாத்த வாணாம்."

உள்ளேயிருந்து அவர் மனைவி பிளேன்டீயோடு வந்தார். அந்தச் சட்டி இன்னும் இருக்கிறது என்றும், அதில் இறைச்சி ஆக்கவே இல்லை என்றும் சொன்னார். நான் அதைப் பார்க்கக் கேட்கவில்லை. சொன்னதை நம்பினேன்.

மறுநாள் அந்தத் தாளின் குறுக்கே கோடு போட்டு, 'இவ்வருடம் பார்வையிடப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனை நின்றது. பிறகு எழுதினேன்: 'பார்வையிடச் செல்ல வேண்டியவர் ஓர் ஆளைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.'

அந்தப் பிள்ளை அதை இரண்டு தரம் வாசித்தாள். அப்படியானால் வருஷ வாரியாகத் தான் வரையும் கணக்குக் கோட்டில் ஓர் இடம் விடுபட்டுப்போகும் என்றாள். விடுபடட்டும் என்றேன்.

"யாருங்க மேடம் அந்த ஆள்?"

"நான்தான்" என்றேன்.