யார் வீட்டுப் புளிச்சோறு?

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த அடுத்த மாதம், கோத்தா திங்கி அருவியில் குளித்தே தீருவது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். எங்கள் ஊரான காஜா பெராங்கிலிருந்து தம்பின் வரை பஸ், அங்கிருந்து ஜொகூர் பாருவுக்கு ரயில். ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டேன். துண்டு, எண்ணெய், மாற்றுத்துணி எல்லாம் என் பட்டியலில் இருந்தன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று வழியில் சோறு கொண்டுபோகத் தடை இருந்ததை மட்டும் மறந்துவிட்டேன்.

தம்பினுக்கு முன்பே பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். தமிழ்க் காவலர் ஒருவர் என் காலடியிலிருந்த தூக்குச்சட்டியைத் திறந்தார். புளிச்சோறு பஸ் முழுக்க மணத்தது.

"யாரு சாப்பாடு இது?"

எனக்கு ஜெயில் கதவு சாத்தும் சத்தமே கேட்டுவிட்டது. "தெரியாதுங்க சார்," என்றேன்.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சோறு என்னுதுதான் சார். இந்த ஆளுதான் யாருன்னு தெரியல."

பஸ்ஸே சிரித்தது. காவலரும் சிரித்துவிட்டார். "சட்டியில போகக் கூடாதும்மா. வயித்துல போகலாம்."

எல்லோரும் இறங்கிச் சாலையோரம் நின்று சாப்பிட்டோம். காவலருக்கும் மனைவி ஒரு கை சோறு கொடுத்தாள். பிறகு தம்பினில் ஓடிப்போய் ரயிலைப் பிடித்தோம்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகர், "ரெண்டு பேரும் ஒண்ணா?" என்று கேட்டார். அவர் முடிப்பதற்குள் ஆமாம் என்றேன். அவள் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

அருவியில் அன்று ஆசைதீரக் குளித்தேன். என் வீரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்துபோனதால், அதற்குப் பிறகு அவளிடம் வீரனாக நடிக்கும் சிரமமே எனக்கு இருந்ததில்லை.