பேராசிரியருக்காக முடிந்த காசு

தொண்ணூறுகளில், திருவண்ணாமலையில் எங்கள் மாடி அறையில் பாலஸ்தீனப் பேராசிரியர் ஒருவர் குடியிருந்தார். ரத்தத்தில் புற்றுநோய். மருந்தைச் சாப்பிட்டுவிட்டு நாளெல்லாம் தன் நாட்டைப் பற்றி எழுதுவார். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பவள். ஆனால் நோய்க்கு என்ன செய்வதென்று எனக்கும் தெரியும். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து அவர் கையில் வைத்தேன்.

“உடம்பு தேறினதும் உங்க ஊர் சாமிக்குப் போட்டுடுங்க. நேர்ந்துட்டேன்.”

மருமகள் இங்கிலீஷில் சொன்னாள். அவர் சிரித்தார். ஊருக்குள் விடமாட்டார்களாம். பிறந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்களாம்.

“அதெப்படி? பத்திரம் இருக்கில்ல? தாசில்தாரைப் பாக்கலியா?”

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். “அத்தே, இது உங்க கீழ்பென்னாத்தூர் கொல்லையா? ஊரையே எடுத்துக்கிட்டாங்க.”

நான் கேட்டது என்னவென்று அவளிடம் தெரிந்துகொண்டதும் அவர் சிரிப்பு நின்றது. “அம்மா கேட்டதைத்தான் இத்தனை வருஷமா நானும் எழுதறேன்” என்றாராம். வழி திறக்கும்வரை வைத்திருக்கச் சொல்லி முடிப்பை என்னிடமே கொடுத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் இறந்துவிட்டார்.

“ஆளே போயாச்சு, உண்டியல்ல போட்டுடும்மா” என்றார் எங்கள் தெருக் கோயில் பூசாரி. உண்டியல்வரை போனேன். இந்தச் சாமிக்கு நேர்ந்தது இல்லையே என்று கை வரவில்லை. தாசில்தார் ஆபீசுக்கு அலையாய் அலைந்து, பறிபோன என் கொல்லை நிலத்தை மீட்டவள் நான். இந்த ஒரு ரூபாயை எங்கே சேர்ப்பதென்று இன்னும் விளங்கவில்லை.