அக்காவின் காருக்கு அடியில் ஒரு சனிக்கிழமை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் டீச்சர். எனக்கு அக்கா மட்டுமல்லர். அம்மா கொழுந்து பறிக்கப் போன நாள்களில் எனக்குச் சோறு ஊட்டியவரும் அவரே.

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஒரே சீருடையை இரவில் துவைத்து அடுப்பருகே காயவைத்துப் பள்ளிக்குப் போனார். ஆசிரியர் பயிற்சி முடித்ததும் வேறு ஊர் கேட்காமல் இந்த மலைக்கே திரும்பினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், “நேரம் கெடைக்கல லா” என்று சிரித்துவிடுவார்.

அக்காவின் நற்குணங்களை மட்டும் எழுதி முடித்தால் நான் பொய் சொன்னவன் ஆவேன். இரண்டு ஆண்டுகள் நான் அவருடன் பேசவில்லை. என் மகள் தான் விரும்பியவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, என் சம்மதம் இல்லை என்று தெரிந்தும் அக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அன்றோடு மகள் பேச்சையும் அக்கா பேச்சையும் விட்டேன்.

அதற்குப் பிறகுதான் என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று நாள் தானா ராத்தாவில் இரத்தச் சுத்திகரிப்பு. காய்கறி லோரிக்குச் சரக்கு ஏற்றும் வேலையை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஓய்வு பெற்றிருந்த அக்கா திரிங்காப்பிலிருந்து தம் பழைய காரில் கோலா தெர்லாவுக்கு வந்து, வாசலில் ஹாரன் அடித்து, அவளை அழைத்துச் செல்வார். நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவி வெளிறிய முகத்தோடு அக்காவின் காரிலிருந்து இறங்கினாள்.

“காடி பின்னாடி டொக் டொக்குன்னு சத்தம் போடுதுங்க. வளைவுல வால ஆட்டுது. அக்கா ஒண்ணும் இல்லேங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

அன்று மாலையே அக்கா வொர்க்ஷாப்பில் காட்டியதில், பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் கிழிந்திருந்தன. வொர்க்‌ஷாப்பில் அடுத்த வாரம்தான் இடம் இருந்தது. திங்கட்கிழமை அவள் போயே ஆக வேண்டும். அக்கா புதிய புஷ்களை வாங்கி, வொர்க்‌ஷாப்புக்காரரிடமே வழி கேட்டு, சாமான்களை இரவல் பெற்று வந்துவிட்டாராம். இரவு மனைவி இதைச் சொன்னபின் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். கார் முட்டுகள்மேல் நின்றது. அடியிலிருந்து அக்காவின் கால்கள் மட்டும் தெரிந்தன.

“யாரு?”

“நான்தான்.”

கை ஒன்று வெளியே நீண்டது.

“பதினேழு ஸ்பேனர எடு.”

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மழையிலும் பனியிலும் கிடந்து துருவேறிய போல்ட்டு அசையவில்லை. எண்ணெய் விட்டு, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, இருவரும் சேர்ந்து இழுத்தோம். அது விட்டபோது அக்கா மல்லாந்து விழுந்து சிரித்தார். பழைய புஷ்ஷின் ரப்பர் சுற்றிலும் கிழிந்து, கையோடு வந்தது. இரும்புக் கூட்டை வெளியேற்ற மதியமாகிவிட்டது. நீள மரையாணியில் நட்டைத் திருகத் திருக, கூடு அரை விரல் அரை விரலாக நகர்ந்தது. புதியதைச் சோப்பு நீர் தடவி அப்படியே உள்ளே இழுத்தோம்.

தேநீர் குடிக்கும்போது அக்காவே பேச்சை எடுத்தார்.

“நான் போகலேன்னா அவ நம்ம பக்கத்து ஆளே இல்லாம நின்னிருப்பா. நீ கோவிச்சுக்க, பரவால்ல. ஆனா கையெழுத்துப் போட்டதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்.”

நான் காருக்கு அடியில் போய்ப் போல்ட்டுகளை முழுப் பலத்தோடு இறுக்கினேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

“லூஸ் பண்ணு. சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது.”

“இறுகிடுச்சு, போதும் லா!”

“எறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கும்டா. கொஞ்ச நாள்ல மறுபடி கிழியும். ஒம் பொண்டாட்டி ஒக்கார்ற காடி இது.”

தளர்த்தினேன். சக்கரங்களுக்கு அடியில் தடித்த பலகைகளை அடுக்கி, காரின் பாரத்தை அவற்றின்மேல் இறக்கி, பிறகு படுத்துக்கொண்டு இரு பக்கமும் மறுபடி இறுக்கினேன். முதுகு வலித்தது. மனம் இலேசாக இருந்தது.

கியா பார்ம் வரை ஓட்டிப் பார்த்தோம். இறக்கத்து வளைவுகளில் ஒரு சத்தமும் இல்லை. திரும்பும்போது, “அவ இப்ப எங்க இருக்கா?” என்று கேட்டேன். அக்கா காரை ஓரம் நிறுத்தி, கைப்பேசியில் எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தார்.

“அத்தை?” என்றது என் மகளின் குரல்.

“அம்மா போற காடியச் சரி பண்ணிட்டோம்” என்றேன்.

அவள் அழுதாள். அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா நோயுற்ற கடைசி மாதங்களில், ஈப்போவில் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் என் மகளும் மருமகனும்தான். அந்த மாதங்களில் என் மனைவியும் அங்கேயே தங்கி, ஈப்போவிலேயே சுத்திகரிப்புக்குப் போய்வந்தாள். படியேற முடியாத நாள்களில் மருமகன் அக்காவைத் தூக்கிச் சென்றார். அந்த மருமகனை வேண்டாம் என்றவன் நான். இந்த மலரின் வழியே அவருக்குக் கைகூப்புகிறேன். மருத்துவமனைத் தாதியருக்கும், லோரியில் உறவினர்களை ஏற்றி வந்த நண்பர்களுக்கும், இறுதி ஊர்வலத்துக்குப் பூக்கள் தந்த திரிங்காப் தோட்டக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் மூவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கருமாதி முடிந்த மறுநாள், அக்காவுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் எங்கள் வாசலில் கார் நிறுத்தி, என் மனைவியை அழைத்துப் போக வந்திருப்பதாகச் சொன்னார். அடுத்த முறை இன்னொருவர். அதற்கடுத்து மற்றொருவர். நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

“டீச்சர் ஆஸ்பத்திரியில இருக்கும்போதே எங்களுக்கு ஆளுக்கொரு நாள் பிரிச்சுக் குடுத்துட்டாங்க” என்றார் முதலில் வந்தவர். “ஒங்ககிட்ட சொல்லலியா?”

சொல்லவில்லை. ஓராண்டாக ஒரு நாளும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறார்கள்.