டெய்சி பூசிய மண்

டெய்சிக்கு நெருப்பின் நிறம் தெரியும். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினாறு வருடமாகச் சூளை வேலை. சூளைச் சுவரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை இருக்கும். அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "எண்ணூறு" என்பாள், "தொள்ளாயிரத்தம்பது" என்பாள். மீட்டரும் பத்து இருபது முன்னே பின்னே அதையே சொல்லும். ஒருமுறை மீட்டர் கெட்டுப்போய் ஒரு மாதம் முழுக்க அவள் கண்ணை நம்பியே சூளை ஓடியது. உடைசல் குறைந்திருக்கிறது என்று சூப்பர்வைசர் கோவிந்தராசு முதலாளியிடம் பெருமையாகச் சொல்ல, அப்படியானால் மீட்டரே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். டெய்சி நேராக ஆபீஸ் அறைக்குள் போனாள். "எனக்கு ஜுரம் வந்தா சூளைக்கும் ஜுரம் வரணுங்களா?" என்று கேட்டாள். மறுவாரம் மீட்டர் வந்தது.

சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பெண். கட்டிக்கொண்ட ஆல்பர்ட் டீசல் எஞ்சின் மெக்கானிக். உளுந்தூர்பேட்டை ரோட்டில், வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு டிராக்டரும் கதிர் அறுக்கும் மெஷினும் பார்த்துவந்தான். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவளுக்கு முன்னால் கிளம்பி நிற்பான். மாமியார்கூடக் குறை சொல்ல இடமில்லாத மாப்பிள்ளை என்றுதான் 2003 வரை பேச்சு. அந்த வருடம் எஸ்டேட் வண்டி வந்தது.

திட்டக்குடி அரிசி ஆலைக்காரர் வீட்டு வண்டி. காரின் முகம், பின்னால் பெட்டி மாதிரி நீண்ட உடம்பு. பத்து வருடம் விதைமூட்டை சுமந்து பின்பக்கம் தழைந்துபோயிருந்தது. எஞ்சின் இறுகிக் கிடந்தது. ஆல்பர்ட் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்து கொட்டகைக்குள் விட்டான். சரிசெய்து குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகலாம் என்று டெய்சி நினைத்துக்கொண்டாள்.

"பொறந்தப்ப இதுக்கு அறுவத்தெட்டு ஹெச்பி," என்றான் ஆல்பர்ட். "நூத்தம்பது ஆக்கப்போறேன்."

"எதுக்குங்க?"

அவன் வெகுநேரம் யோசித்தான். "ஆவுதான்னு பாக்கத்தான்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டால் பொய்யாக ஏதாவது ஒரு காரணம் சொல்வான். இந்தப் பதிலாவது உண்மையாக இருந்தது.

மூன்று வருடம் ஆனது. ஊர் வேலை முடிந்த மிச்ச நேரத்தில்தான் அந்த எஞ்சினைத் தொடுவான். பிஸ்டன் தலைகளை லேத்தில் கொடுத்துச் சீவினான். டீசல் பம்பை நாலு தடவை பிரித்து நாலு தடவை மாட்டினான். டர்போ கிடைக்க மட்டும் எட்டு மாதம். கடைசியில் கடலூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் அகப்பட்டது. நத்தை ஓடு மாதிரி ஓர் இரும்புக் கூடு. எஞ்சின் விடும் புகை அதற்குள் இருக்கும் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசல் கூட்டலாம், டீசல் கூடினால் பலம் கூடும். கூடவே சூடும் கூடும்.

அந்த இடத்தில்தான் டெய்சி உள்ளே வந்தாள். எஞ்சினை வண்டியில் ஏற்றுமுன் கொட்டகையில் சட்டத்தில் வைத்து, ஒரு பெரிய தண்ணீர் பம்பை இழுக்கவிட்டு ஓட்டிப் பார்த்தான். புகைக்குழாய் மங்கலாகச் சிவக்கத் தொடங்கியது. எவ்வளவு சூடு என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் வாசலில் நின்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அறுநூத்தம்பது," என்றாள் அங்கிருந்தே. அவன் இன்னும் முறுக்கினான். "எழுநூறு. எழுநூறும் தாண்டிடுச்சி. குறைங்க, குறைங்கன்றேன்ல."

பிறகு அவன் ஒரு சூடுமானி வாங்கி மாட்டினான். பார்த்தால் அவள் சொன்னதுக்கும் அதுக்கும் பதினைந்து டிகிரிதான் வித்தியாசம். அன்றிலிருந்து ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவளைக் கூப்பிடுவான். பக்கத்துக் கடையில் பைக் பார்க்கும் கொளஞ்சியப்பன் சிரிப்பான். "அண்ணி, சோத்துப் பானையும் இப்பிடித்தான் பாப்பீங்களா? அண்ணன் அதான் எளைச்சிப் போய்ட்டாரு."

"ஒனக்கு ஒரு நாளு சோறு போடாம வுட்டாதான் தெரியும், தம்பி."

சென்னையில் ஒரு பட்டறையில் உருளைகள்மேல் வண்டியை ஏற்றி ஓட்டி எத்தனை ஹெச்பி, எத்தனை குதிரைச் சக்தி என்று அளந்து சொல்லும் மெஷின் வந்திருந்தது. நாலு மாதம் காக்கவைத்து, 2006 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆல்பர்ட்டுக்கு நேரம் கொடுத்தார்கள். விட்டால் மறுபடி எப்போது என்று தெரியாது.

எஞ்சினை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால், புகைக்குழாயும் டர்போவும் சேரும் இடத்தில் கரிக்கோடு. இரண்டு இரும்பும் சரியாகப் படியாமல் புகை கசிந்தது. நடுவில் வைக்கும் தகடு விருத்தாசலத்தில் கிடைக்கவில்லை. ஆல்பர்ட் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கரிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். டெய்சியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஃபயர்கிளே பூசிடலாங்க," என்றாள்.

சூளைச் செங்கல் இடுக்கில் பூசும் மண் அது. ஆயிரத்து முந்நூறு டிகிரி தாங்கும். அவன் முகம் மலர்ந்தது. இங்கே எண்ணூறுகூட வராது. கோவிந்தராசுவிடம் சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டு டப்பாவில் கொஞ்சம் வாங்கி வந்தாள். அவனைத் தொடவிடவில்லை. தானே குழைத்து, தானே விரலால் பூசினாள். சூளையில் செய்வது மாதிரியே உள்விளிம்பையும் மழமழவென்று வழித்துவிட்டாள். ஆல்பர்ட் போல்ட்டுகளை முடுக்கினான். எஞ்சினைப் போட்டபோது கசிவு இல்லை. "ஒன் கையி டெய்சி," என்றான்.

சனிக்கிழமை அவள் ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்குக் கிளம்புவதாக அவன் சொல்லியிருந்தான்.

எட்டு மணி வாக்கில் சூளைக்குள் அனுப்ப வேண்டிய டிராலியை இரண்டு ஆட்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தட்டுத் தட்டாகப் பியூஸ் கட்டைகள், மேலே பளபளப்புக்காகத் தோய்த்தெடுத்த பூச்சு காய்ந்த நிலையில். தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியது. டிராலி ஒரு குலுக்குக் குலுங்கியது. மேல்தட்டுக்கு முட்டுக் கொடுத்த இடத்தில் பூசியிருந்த ஃபயர்கிளே மண் பொருக்கு பொருக்காக உதிர்ந்து கீழ்த்தட்டுச் சாமான்மேல் விழுந்தது.

"போச்சு, ரெண்டு தட்டு போச்சு!" என்று கோவிந்தராசு தலையில் கை வைத்தார். "எத்தினி தபா சொல்லிட்டேன், மெல்லத் தள்ளுங்கடான்னு. சூளைக்குள்ள நின்னா அந்த மண்ணு பத்து வருசம் இருக்கும். குலுக்குனா இருக்குமா?"

டெய்சி ஒரு பொருக்கைக் கையில் எடுத்தாள். விரல்நகம் அளவு இருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நேற்று இரண்டு பேரும் சூட்டை மட்டும்தான் யோசித்தார்கள். ஆட்டத்தை யோசிக்கவே இல்லை. உள்விளிம்பில் அவள் வழித்துவிட்ட மண் ஒரு பொருக்கு கழன்றால் போதும், புகை அதை நேராக டர்போ சக்கரத்துக்குக் கொண்டுபோகும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுச் சுற்றும் சக்கரம். ஒரு இதழ் ஒடிந்தால் தண்டு முறியும். தண்டு முறிந்தால் எண்ணெய் எஞ்சினுக்குள் போகும். அப்புறம் சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது, தன் எண்ணெயைத் தானே குடித்துக் கத்திக் கத்தி ஓடி உடையும். ஆல்பர்ட்தான் ஒரு நாள் சாப்பிடும்போது இதையெல்லாம் சொன்னான். அவன் அந்த வண்டிக்குள் இருக்கிறான். மண் அவள் பூசியது.

கோவிந்தராசுவின் செல்போனை வாங்கி அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அந்தச் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது. கொளஞ்சியப்பனுக்கு அடித்தாள். "அண்ணன் இப்பதான் போனாரு. பத்து நிமிசம் ஆவுது," என்றான். அவள் விஷயத்தைச் சொன்னாள். "தோ வரேன் அண்ணி."

வந்தான். டிவிஎஸ் மொபெட்டில் வந்தான்.

"ஏம்பா, கடையில பத்து பைக்கு நிக்குதே!"

"எல்லாம் பிரிச்சிக் கெடக்குது அண்ணி. ஏறுங்க."

"இத வச்சி அத புடிக்கணுமா?"

"புடிக்க முடியாதபடிதான மூணு வருசமா செஞ்சாரு. ஒக்காருங்க."

அவள் மண் ஒட்டிய கையோடு ஏறினாள். மொபெட்டை எவ்வளவு திருகினாலும் வேகம் ஏறவில்லை. கரும்பு டிராக்டர்கூட முந்திக்கொண்டு போனது. டெய்சி ஒரு நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். புதிதாகக் கட்டிய எஞ்சினை ஆல்பர்ட் முதல் பதினைந்து கிலோமீட்டரில் கட்டாயம் நிறுத்துவான். யாருடைய வண்டியானாலும் சரி. ஆறவிட்டு, போல்ட்டுகளை மறுபடி ஒருசுற்று முடுக்கிவிட்டுத்தான் எடுப்பான். அரைமணி நேரம் ஆகும்.

"இன்னிக்கும் நிறுத்துவாரா தம்பி?"

"நிறுத்துவாரு." கொஞ்சதூரம் போனபின், "ரெண்டு மணிக்குள்ள போவணும்னு அவசரத்துல இருந்தாருதான்," என்றான்.

"வாய மூடிட்டு ஓட்டு."

மங்கலம்பேட்டை வந்தது. கடைவீதியில் வண்டி இல்லை. டீக்கடையில் பால் ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் கொளஞ்சியப்பன் நிறுத்தாமலே கத்தினான், "ஒரு பழைய எஸ்டேட்டு வண்டி போச்சாண்ணே?"

"விசிலு அடிச்சிக்கினு ஒண்ணு போச்சி. ரயிலு ரோட்டுல வந்துட்ச்சோன்னு பாத்தேன்."

டெய்சிக்கு மூச்சு வந்தது. விசில் டர்போவின் சத்தம். இங்கே வரைக்கும் சக்கரம் நன்றாகத்தான் சுற்றியிருக்கிறது. ஆனால் வண்டி தாண்டிப் போய்விட்டது. பதினைந்து கிலோமீட்டர் ஆகிவிட்டதா, ஆகவில்லையா? மொபெட்டின் மீட்டர் எப்போதோ செத்துப்போயிருந்தது. அவள் மைல்கற்களைப் பார்த்தாள். வாய்க்குள் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் ஓடியது, பாதியில் விட்டுப்போனது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

ஊரைத் தாண்டி ஏரிக்கரை வளைவில், ஒரு வேப்பமர நிழலில், பானட்டைத் திறந்துகொண்டு எஸ்டேட் நின்றது.

ஆல்பர்ட் மரத்தடியில் உட்கார்ந்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மொபெட்டில் வரும் மனைவியைப் பார்த்ததும் எழுந்தான். வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று முகம் வெளுத்தது.

"ஏங்க, அத தொறங்க. எஞ்சினப் போடாதீங்க. அந்த மண்ணு வேணாம்."

"என்னா சொல்ற? ஆயிரத்து முந்நூறு தாங்கும்னு நீதான..."

"சூளை ஆடாதுங்க," என்றாள். "வண்டி ஆடும்."

ஆல்பர்ட் அவளைப் பார்த்தான். அப்புறம் எஞ்சினைப் பார்த்தான். ஸ்பானரோடு குனிந்தான். எஞ்சின் இன்னும் ஆறவில்லை. கைக்குத் துணி சுற்றிக்கொண்டு நாலு போல்ட்டுகளையும் கழற்றினான். டர்போவை மெல்ல விலக்கினான்.

உள்விளிம்பில் மண் சித்திரை மாத ஏரி மாதிரி வெடித்துக் கிடந்தது. ஒரு பொருக்கு, கட்டைவிரல் நகம் அளவு, ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. டெய்சி விரலை நீட்டினாள். தொட்டதும் அது கழன்று அவள் கையில் விழுந்தது.

கொளஞ்சியப்பன் மெல்ல, "யப்பா," என்றான்.

ஆல்பர்ட் சக்கரத்தை விரலால் சுற்றினான். சத்தமில்லாமல் சுற்றியது. டெய்சி நகர்ந்து வந்து இதழ் இதழாக விரல் வைத்துப் பார்த்தாள். பதினொன்று. எதிலும் ஒரு கீறல்கூட இல்லை. இன்னொரு தடவை பார்த்தாள். அப்போதும் பதினொன்று. அவள் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பூசுனது நானு. ஒங்களுக்கு எதுனா ஆயிருந்தா..."

"பூசறத பாத்துக்கினு நின்னவன் நானு," என்றான் ஆல்பர்ட். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "முப்பது வருசமா எஞ்சின் பாக்கறேன்னு சொல்லிக்கிறேன். எஞ்சின் ஆடும்னு நீ வந்து சொல்ல வேண்டியிருக்குது."

"ஊர்ல சொல்லாதீங்க ரெண்டு பேரும்," என்றான் கொளஞ்சியப்பன். "நானே சொல்லிக்கறேன்."

மண்ணை ஒரு துளி விடாமல் சுரண்டி எடுத்தார்கள். ஈரத்துணியால் துடைத்து, காற்றடித்து, இரண்டு இரும்பையும் வெறுமனே சேர்த்து முடுக்கினான். புகை கசிந்தாலும் பரவாயில்லை என்று மெதுவாக உளுந்தூர்பேட்டை வரை ஓட்டினான். அங்கே ஒரு லாரிப் பட்டறையில் தகடு இருந்தது. அளவெடுத்து, வெட்டி, நடுவில் வைத்தான். அதற்குள் டெய்சி கோவிந்தராசுவுக்குப் போன் போட்டு அரைநாள் லீவு சொன்னாள். "ரெண்டு தட்டு போனது போவட்டும்மா, வண்டி என்னாச்சி?" என்று அவர் கேட்டார்.

"நல்லா இருக்குது சார். எல்லாமே நல்லா இருக்குது."

கொளஞ்சியப்பன் அங்கிருந்தே திரும்பிவிட்டான். டெய்சி சேலைமேல் போட்ட கம்பெனிச் சட்டையோடு முன்சீட்டில் உட்கார்ந்தாள். மூன்று வருடத்தில் அந்த வண்டியில் அவள் ஏறியது அன்றுதான். விழுப்புரம் தாண்டி ரோடு விரிந்த இடத்தில் ஆல்பர்ட் கேட்டான், "மிதிக்கட்டுமா?"

"மிதிங்க."

சீட்டு அவளை முதுகில் கை வைத்துத் தள்ளியது. விசில் ஏறியது. அவள் கதவின் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "யேசுவே," என்றாள். உடனே, "இன்னும் கொஞ்சம்," என்றாள்.

இரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பட்டறைக்காரர்கள் திட்டினார்கள், ஆனால் வண்டியை உருளைமேல் ஏற்றினார்கள். நூற்று நாற்பத்தாறு வந்தது. அவர்கள் அச்சடித்துத் தந்த காகிதத்தை ஆல்பர்ட் நாலாக மடித்துப் பையில் வைத்தான். செய்தி கேட்ட கொளஞ்சியப்பன், "பாக்கி நாலு குதிரை எங்கண்ணே, திண்டிவனத்துல எறங்கிடுச்சா?" என்றான் போனில்.

"வெயிலுக்கு நெழல்ல நிக்குது. வரும்," என்றான் ஆல்பர்ட்.

திரும்பும்போது வெயில் இன்னும் சாயவில்லை. செங்கல்பட்டு வருமுன்பே டெய்சி கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆல்பர்ட் நாற்பதிலேயே ஓட்டினான். பஸ்களும் லாரிகளும் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. ஒரு மொபெட்காரன்கூட எட்டிப் பார்த்துவிட்டு முந்தினான். ஆல்பர்ட் இடதுபக்கம் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டான்.