வீட்டுக்கு வந்த ஜல்லி

அமரவிளையில் ஒரு வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். ஒல்லியான, செருப்பில்லாத மனிதர். நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது குடியிருப்புக்குக் கிடைத்த பத்து சென்ட் நிலமும், பழைய நிலத்துக்காரர் விட்டுப்போன ஒரு நொண்டிக் குதிரையும் அவருக்கு இருந்தன. மகன் துபாயில். வீடு கட்ட அவன் அனுப்பிய பணத்தில் மணலும் ஜல்லியும் வந்து இறங்கியிருந்தன.

அவரோ அதையெல்லாம் முற்றத்தில் பரப்பி, லாடம் கழற்றிய குதிரையை அதன்மேல் நடத்திக்கொண்டிருந்தார். முன்னால் அவரும் வெறுங்காலோடு நடந்தார். இனி அதை யார் வாருவது என்று எனக்கு எரிச்சல்.

"அண்ணாச்சி, ஜல்லி குத்தாதா?"

"குத்துனா எனக்காக்கும் முதல்ல தெரியும். உடனே மணலுக்கு மாத்திருவேன். லாடந்தான் இதுக்க காலைக் கெடுத்தது மக்கா. வெறுங்காலுல நடந்து நடந்துதான் குளம்பு உறுதிப்படும்."

"அப்ப வீடு?"

"அவன் வாறதுக்கு ரெண்டு வருசம் உண்டு. அதுவரை வீட்டுல யாரு இருக்குதுக்கு?"

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

எட்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது வேலியோரம் நின்று பார்த்தேன். வானம் தோண்டப்படவே இல்லை. குதிரை ஜல்லிமேல் நேராக நடந்தது. அதன் பிடரியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தவர் அவர்தான்.